ஜாக்கிக்கு ஓர் இடம்

டமார் என்று பின்னால் கேட்ட சத்தத்தில் சவரிநாதன் பிரேக்கை ஏறி மிதித்தான். லேண்ட் ரோவர் செம்மண் சேற்றில் ஒரு முழம் வழுக்கி நின்றது.

"என் கேரியர்!" என்று அலறினார் பக்கத்துச் சீட்டில் இருந்த, தோட்டத்து ஆபீசுப் பெரிய கிராணி ராமையா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சைக்கிள் டியூப்பால் மூலையில் கட்டி நிறுத்தியிருந்த நாலடிச் சிவப்பு ஜாக்கி, கட்டை அறுத்துக்கொண்டு கிராணியாரின் டிபன் கேரியர் மேல் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. மூன்றடுக்குக் கேரியர் ஒரே அடுக்காகியிருந்தது.

"யாரு காலுலயும் விழலயே, அதுக்குச் சந்தோஷப்படுங்கண்ணே," என்றான் சவரிநாதன்.

"காலுன்னா கட்டுப் போட்டா கூடிக்கும். கருவாட்டுச் சம்பலுக்கு எங்கலா கட்டுப் போடுறது?"

வெள்ளைக்கல் ரப்பர் தோட்டம் சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே ஏழு கட்டை, அதாவது ஏழு மைல். மழைக்காலத்தில் அந்த ஏழில் மூன்று கட்டைதான் ரோடு, மீதி குளம். சாதாரண ஜாக்கியை வைத்தால் சக்கரம் எழும்புவதற்கு முன்னால் அது சேற்றுக்குள் போய்விடும். அதற்காகத்தான் இந்த நெட்டை ஜாக்கி. பம்பரைக் கவ்விக்கொண்டு, கைப்பிடியை அடிக்க அடிக்கப் பல் பல்லாக ஏறி, வண்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவிடும். முப்பது ராத்தல் இரும்பு.

முன்பு ஒன்று இருந்தது. அதை வெளியே, முன் பம்பரில் மாட்டியிருந்தார்கள். ஈப்போ மார்க்கெட் பக்கம் சவரிநாதன் ஒரு கோப்பி-ஓ குடித்துவிட்டு வருவதற்குள் யாரோ அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கழற்றியவன் நல்ல மனுஷன். போல்ட்டுகளைத் திரும்ப அதே துவாரத்தில் முறுக்கிவிட்டுத்தான் போயிருந்தான். ஆகவே புது ஜாக்கியை வண்டிக்கு உள்ளே மாட்ட வேண்டும் என்பது தோட்ட மானேஜர் தொரையின் உத்தரவு.

தொரை மலையாளி. கோபம் வந்தால்தான் தமிழ் பேசுவார். கேரியர் நசுங்கிய அன்றைக்குச் சுத்தமான தமிழில் பேசினார்.

"சவரி, ஜாக்கி இன்னொரு தடவை எடத்தை விட்டு வந்துச்சுன்னா நீ பால் லாரிக்குப் போ. லேண்ட் ரோவருக்கு நான் வேற ஆள் பாத்துக்கிறேன்."

சவரிநாதனுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. தோட்டத்திலேயே சாயங்காலம் வரை சட்டை மடிப்புக் கலையாத ஒரே ஆள் அவன்தான். எந்தச் சாமானுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும், அது அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. ரப்பர் பால் லாரியின் நாற்றம்கூட அவனுக்குப் பெரிதில்லை. வியாழக்கிழமை போய்விடுமே என்பதுதான் கவலை.

வியாழக்கிழமைதோறும் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கூட வருபவள் ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி நவமணி. முப்பத்திரண்டு வயது. ஊசியோடு அவள் வருவதைப் பார்த்தாலே கங்காணிமார்களுக்குக் காய்ச்சல் தானாக இறங்கிவிடும். அவள் பின்னால் நோயாளிகளோடு உட்காருவாள். முன்னால் கண்ணாடியில் அவளுடைய அரை முகம் தெரியும். அந்த அரை முகத்தை நான்கு வருஷமாக அவன் ஈப்போவுக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்துகொண்டிருந்தான். இத்தனை காலத்தில் அவளிடம் பேசியது இரண்டே வாக்கியம். ஒன்று, "கதவ நல்லா சாத்துங்க மிஸ்ஸி." மற்றது, "எறங்கலாம் மிஸ்ஸி."

புதன்கிழமை வண்டியைத் தோட்டத்து ரப்பர் ஆலையான ஸ்டோருக்கு ஓட்டிப்போனான். அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் பத்துமலை அவனுக்குச் சிநேகிதன்.

"டியூப்ல கட்டினா நிக்குமாடா மச்சான்?" என்றான் பத்துமலை. "இரும்ப இரும்பாலதான் புடிக்கணும்."

பின்பக்கம் இடது சுவரில், பெஞ்சுக்கு மேலே, இரண்டு இரும்புக் கொக்கி அடித்து, ஜாக்கியைப் படுக்கை வசமாக வைத்து, கொக்கிக்கொரு போல்ட்டு, நட்டு போட்டு இறுக்கினான். சவரிநாதன் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். வண்டிதான் ஆடியது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல தொழிலாளர் லயத்துக் கடையில் ஒரு கோப்பி-ஓ குடித்துவிட்டு வந்தான். நவமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் நின்றிருந்தாள்.

"டிரைவர், இது என்னா மாட்டியிருக்கீங்களா, தொங்க விட்டிருக்கீங்களா?"

ஜாக்கியின் ஒரு முனை பெஞ்சு மேல் இறங்கியிருந்தது. ஒரு நட்டைக் காணோம். சவரிநாதன் குனிந்து பெஞ்சுக்கடியில் பார்த்தான், வண்டிக்கடியில் பார்த்தான், நோயாளிகளின் செருப்புக்கடியிலும் பார்த்தான். இல்லை. ஸ்டோருக்குப் போய்வர அரை மணி ஆகும். ஈப்போவில் வரிசை நம்பர் போய்விடும்.

தரையில் போடலாம் என்றால், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள். கடைசியில் ஜாக்கிக்கு ஒரு பெஞ்சையே கொடுத்து, கயிற்றால் கட்டிப் படுக்க வைத்தான். நோயாளிகள் எல்லாரும் எதிர்ப் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"அப்ப நான் எங்க உக்கார்றது? ஜாக்கி மடியிலயா?" என்றாள் நவமணி.

"முன்னால... வேணும்னா..." என்று இழுத்தான் சவரிநாதன்.

"எனக்கு முன்னால உக்காந்தா தலை சுத்தும்," என்று சொல்லிக்கொண்டே அவள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வழி முழுக்க அவள்தான் பேசினாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருந்தில் தண்ணீர் கலப்பதைப் பற்றி, குனோங் ராபாட்டில் இருக்கும் அவள் அண்ணன் லியோனார்ட் வளர்க்கும் குரைக்கத் தெரியாத நாயைப் பற்றி. சவரிநாதன் "ம்" என்றான். முழு முகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது அவனுக்குப் பழக்கமில்லை. ஈப்போவில் இறங்கும்போது அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தலை சுத்துதா மிஸ்ஸி?"

"லேசா."

அவனுக்கு மனசு கேட்கவில்லை. தன் சுகத்துக்காக ஒரு பெண்பிள்ளையைத் தலை சுற்ற வைப்பதா? எப்படியாவது ஜாக்கியை ஒழுங்காக மாட்டி, பெஞ்சை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தான்.

சாயங்காலம் வண்டி ஷெட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை ரோட்டில் குனிந்தபடியே நடந்தான். வேலை முடிந்து வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"என்னா அண்ணே தேடுறீங்க?"

"நட்டு."

அவர்களும் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்கள்.

பத்துமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் முறுக்கின நட்டு தானா கழண்டுச்சா? இருபது வருஷமா ஸ்டோர்ல மெஷின் ஓடுது, ஒரு நட்டு கழண்டிருக்கா? சைடுல வச்சா ஆட்டம் ஜாஸ்தி. எடத்த மாத்துவோம்."

இந்தத் தடவை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புச் சுவரில் நிமிர்த்தி மாட்டினான். பெரிய போல்ட்டு, இரட்டை நட்டு, நடுவில் ஸ்பிரிங் வாஷர். ஒரே ஒரு சுசா, ஒரு தொந்தரவு. ஜாக்கியின் கைப்பிடி சவரிநாதனின் பிடரிக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வண்டி ஓட்டினான். கழுத்து அப்படியே நின்றுவிட்டது. ராமையா பார்த்துவிட்டு, "என்னாலா, யாரு கூப்பிட்டான்னு திரும்பிப் பாக்குறே?" என்றார்.

ஆனால் ஜாக்கி அசையவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மலைக்காட்டு ரப்பர் மர நிரையெல்லாம் ஏறி இறங்கினான். நட்டு ஒரு நூல்கூட நகரவில்லை.

வியாழக்கிழமை கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால், மேல் போல்ட்டு நட்டோடு சேர்ந்து மாயமாகியிருந்தது. ஜாக்கி முன்பக்கம் தலை குனிந்து, மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றது.

"இந்த வாரமும் எனக்குத் தலைசுத்தல்தானா?" என்று கேட்டுவிட்டு நவமணி முன்னால் ஏறினாள். "கழுத்து என்னா அப்படி இருக்கு?"

சொன்னான். அவள் பையிலிருந்து தைலத்தை எடுத்து நீட்டினாள். அன்றைக்கு அவன் ஏழெட்டு வாக்கியம் பேசினான். திரும்பி வரும்போது தேங்காய் மிட்டாய் ஒரு பொட்டலம் கொடுத்தாள். அவன் அதை இரண்டு நாள் தின்னாமல் வைத்திருந்தான். மூன்றாம் நாள் எறும்பு தின்றது.

"மச்சான், இது நட்டு வேலை இல்ல," என்றான் பத்துமலை குரலைத் தாழ்த்தி. "மத்த நாளெல்லாம் நிக்குது. வியாழக்கிழமை மட்டும் கழலுது. இதுல என்னமோ இருக்கு."

"நோயாளிங்க பாரம்தான்லா," என்றார் ராமையா. "எல்லாரும் ஒரே நேரத்துல ஏறுறாங்க. வண்டி குலுங்குது."

"அவுங்க ஏறுறதுக்கு முன்னாலயே கழண்டுடுதுண்ணே."

"அப்ப, ஏறப் போறாங்களேன்னு குலுங்குது."

இந்தத் தடவை வலது சுவர். கொக்கிக்கு அடியில் கித்தா ரப்பர்த் துண்டு வைத்து, மூன்று போல்ட்டு போட்டான் பத்துமலை. அந்த அளவு போல்ட்டு தோட்டத்தில் வேறு கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்று, மாரியம்மன் கோயிலில் மந்திரித்த எலுமிச்சம்பழத்தை மஞ்சள் கயிற்றில் கோத்து ஜாக்கியின் கழுத்தில் கட்டினான். சவரிநாதன், காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அந்தோணியாரின் பதக்கத்தை அதன் பக்கத்தில் தொங்கவிட்டான். இரண்டு மதமும் சேர்ந்து காவல் நின்றன.

வியாழக்கிழமை மூன்று போல்ட்டில் இரண்டைக் காணோம்.

சவரிநாதன் ஜாக்கியைத் தூக்கிப் பெஞ்சில் கிடத்தினான். வண்டி சிம்பாங் பூலாய் தாண்டும்வரை அவன் கழுத்தை அவள் பக்கம் திருப்பவில்லை.

"என்னா டிரைவர், தைலம் வேணுமா?" என்றாள் நவமணி.

"வர்ற சனிக்கிழமை தொரையே வண்டியில ஏறிப் பாக்கப் போறாராம் மிஸ்ஸி. ஜாக்கி கழண்டுச்சுன்னா என்னைப் பால் லாரிக்கு மாத்திடுவாரு."

நவமணி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "ஒரு ஜாக்கிக்காகவா?"

"கிராணியார் சம்பலுக்கும் சேத்து."

"அப்புறம் வியாழக்கிழமை யாரு வருவா?"

"மண்டோர் சீனி வருவாரு."

"அவரு வெத்தல போட்டுக்கிட்டு ஜன்னலுக்கு வெளிய துப்புவாரே," என்றாள். அதற்குப் பிறகு அவள் வெளியே சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஈப்போ வந்தபோது அவன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன் எனக்கு ஒரு எடம் பாத்திருக்காரு. ஜெலாப்பாங்குல பேக்டரி சூப்பர்வைசராம். அடுத்த மாசம் கடைசி ஞாயிறு பொண்ணு பாக்க வாராங்களாம்."

சவரிநாதன் கியரை மாற்றினான். இரண்டிலிருந்து நேராக நாலுக்குப் போனான். வண்டி உதறிக்கொண்டு நின்றது. பின்னால் நோயாளிகள் மாதாவைக் கூப்பிட்டார்கள்.

"நல்ல எடம்தான் மிஸ்ஸி," என்றான்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல... ஜெலாப்பாங் நல்ல எடம். ரோடெல்லாம் தார் போட்டிருக்கு."

அவள் "ஆமா, ரோடுதானே முக்கியம்," என்று சொல்லிவிட்டுக் கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினாள்.

சனிக்கிழமை தொரை வண்டியின் பின்னால் ஏறி, ஜாக்கிக்கு எதிரே உட்கார்ந்தார். எலுமிச்சம்பழத்தையும் பதக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பன்னிரண்டாம் காட்டு வழியாக, இருக்கிற பள்ளம் ஒன்று விடாமல் ஓட்டச் சொன்னார். பத்துமலை ஈப்போவிலிருந்து வரவழைத்துப் போட்ட புது போல்ட்டுகளை நினைத்து முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஜாக்கியைத் தவிர வண்டியில் இருந்த எல்லாம் ஆடியது. தொரையின் தலை மூன்று தடவை கூரையில் இடித்தது. ஜாக்கி அசையவே இல்லை.

தொரை இறங்கி, தலையைத் தடவிக்கொண்டு, "வெரி குட்," என்றார். கோபம் போய்விட்டது என்று எல்லாருக்கும் புரிந்தது.

ஜாக்கி நின்றதற்குத் தன் போல்ட்டுதான் காரணம் என்றான் பத்துமலை. கித்தாத் துண்டு தன் யோசனை என்றார் ராமையா. அது அவருடைய யோசனை இல்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு டிரைவர்கள் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள். எலுமிச்சம்பழம் எந்தக் கடையில் வாங்கியது என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை ஜாக்கி போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. இரண்டு பெஞ்சும் காலி. நவமணி பின்னால் ஏறினாள்.

"நல்லா மாட்டிட்டீங்க, டிரைவர்," என்றாள். பாராட்டு மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவள் குரலில் அது பாராட்டாக இல்லை.

"இனிமே ஒங்களுக்குத் தலை சுத்தாது மிஸ்ஸி."

"ஆமா. அதான் வேணும் எனக்கு."

சவரிநாதன் தனியாக முன்னால் உட்கார்ந்து ஓட்டினான். பக்கத்துச் சீட்டில் அவனுடைய மழைக்கோட்டு உட்கார்ந்து வந்தது. கண்ணாடியில் மறுபடியும் அரை முகம். அதுவும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வியாழனும் அப்படியே. அதற்கடுத்ததும். எல்லாச் சாமானும் இப்போது அதனதன் இடத்தில் இருந்தது. அவனுக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை. சட்டையை இரண்டு நாள் இஸ்திரி போடாமல் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்டார் ராமையா.

பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய வியாழன் வந்தது. இன்றைக்கு விட்டால் வேறு வியாழன் இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பின்னால் எட்டு நோயாளிகளுக்கு நடுவில் இருப்பவளிடம் கண்ணாடி வழியாக அதைச் சொல்ல முடியாது. அவள் முன்னால் உட்கார வேண்டும். அவள் முன்னால் உட்கார வேண்டுமானால், பெஞ்சில் ஜாக்கி படுக்க வேண்டும்.

அன்று காலை ஆறு மணிக்கு வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய சவரிநாதன், கோப்பி குடிக்கப் போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். யாருமில்லை. வண்டியின் பின்னால் ஏறி, ஜாக்கியின் முன்னால் மண்டி போட்டான்.

இருபது வருஷ வேலையில் ஒரு திருகாணியைக்கூட அவன் தப்பான காரியத்துக்குக் கழற்றியதில்லை. தொரையின் சுத்தமான தமிழ் காதில் கேட்டது. பத்துமலையின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தோணியார் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கவே, பதக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். "ஒரே ஒரு நாளைக்குத்தான் சாமி," என்று முணுமுணுத்துக்கொண்டு, ஸ்பானரை நட்டில் மாட்டி, மூச்சைப் பிடித்துத் திருகினான். நட்டு கிரீச்சென்று ஒரு சுற்று இளகியது. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் அது கழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது.

பின்னால் துடைப்பம் சரசரக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினான். ஆஸ்பத்திரி வாசல் கூட்டும் கருப்பம்மாள் துடைப்பத்தோடு வண்டிக் கதவோரம் நின்றாள். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த நட்டைப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"என்னா தம்பி, இன்னிக்கு நீங்களே கழட்டுறீங்க? எப்பவும் மிஸ்ஸிதானே கழட்டுவாங்க, அவுங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"